பிரசிடெண்ட் பேசப் போறார்: புதிதாகத் தலைமையுரை ஆற்றுவோருக்கு ஒரு வழிகாட்டி

காவிரிப் படுகை ஊர்களில் ‘பிரசிடெண்ட்’ என்றால் ஊராட்சி மன்றத் தலைவர்தான். “பிரசிடெண்டப் பாத்துட்டு வந்துடறேன்” என்று ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பினால், போவது அடுத்த தெருவுக்கு. ஆனாலும் அந்தச் சொல்லில் ஒரு பொருத்தம் உண்டு. டெல்லியில் குடியரசுத் தலைவர் பேசினாலும், வாஷிங்டனில் அதிபர் பேசினாலும், மன்னார்குடிப் பக்கத்தில் ஓர் ஊராட்சித் தலைவரோ கூட்டுறவுச் சங்கத் தலைவரோ பாசனதாரர் சங்கத் தலைவரோ பேசினாலும் வேலை ஒன்றுதான். ஆள் எழுந்து நிற்கிறார், பதவி பேசுகிறது.

அந்தப் பெரிய பேச்சுகளிலிருந்து இந்தச் சின்ன மேடைக்கு என்னென்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதை, முதல்முறை தலைமையுரை ஆற்றப்போகிறவருக்காக எழுதியிருக்கிறோம். முதல் பேச்சுக்கு ஒரு வாரம் முன்பாகவே தொடங்கிவிடுங்கள்.

யார் பேசுகிறார்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

பட்டுக்கோட்டைக்கு அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கடராமன் 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். அந்த ஐந்தாண்டில் நான்கு பிரதமர்கள். அரசியலமைப்பின் 87-ஆவது கூற்றுப்படி, பொதுத்தேர்தலுக்குப் பின் வரும் முதல் கூட்டத்திலும் ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்திலும் குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தில் உரையாற்ற வேண்டும். அந்த உரை அமைச்சரவை ஒப்புதல் தந்த உரை. வெவ்வேறு கட்சிகளின் அமைச்சரவைகள் எழுதிக் கொடுத்ததை ஒரே மனிதர் ‘எனது அரசு’ என்று வாசித்தார். அவருடைய சொந்தக் கருத்து அதில் எங்கே என்று யாரும் தேடுவதில்லை. அது பதவியின் குரல்.

சொந்தமாகப் பேச இடம் இருக்கும்போதும் அந்தக் குரல் மாறக் கூடாது. 2000 ஜனவரி 27 அன்று, குடியரசின் பொன்விழாவில், நாடாளுமன்ற மைய மண்டபத்தில் கே. ஆர். நாராயணன் பேசினார். அரசியலமைப்பை மறுஆய்வு செய்ய ஒன்றிய அரசு முனைந்திருந்த நேரம். அவர் யாரையும் பெயர் சொல்லிக் குறைகூறவில்லை. அரசியலமைப்பு நம்மைக் கைவிட்டதா, நாம் அரசியலமைப்பைக் கைவிட்டோமா என்று யோசிக்கச் சொன்னார். கட்சிக்காரர் கேட்டிருந்தால் அது சண்டை. குடியரசுத் தலைவர் கேட்டதால் இருபத்தைந்து ஆண்டு கழித்தும் அந்தக் கேள்வி நிற்கிறது.

உங்கள் பேச்சில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எழுதி முடித்ததும் நான், நாம், நாங்கள் என்ற மூன்று சொற்களையும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ஆங்கிலத்தில் பேசும் அதிபர்களுக்கு இல்லாத வசதி தமிழனுக்கு இருக்கிறது. ‘நாம’ என்றால் கேட்பவரும் சேர்த்தி, ‘நாங்க’ என்றால் அவர் வெளியே. இதை மாற்றிப் போட்டால் சபை உடனே கண்டுபிடித்துவிடும். “நாங்க குளத்தைத் தூர் வாரினோம்” என்று தலைவர் சொன்னால், அந்தக் குளத்தில் மண் சுமந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். “நாம வாரினோம்” என்று சொல்லிப் பாருங்கள். அதே சமயம் வாக்குறுதி தரும்போது ‘நாம’ வேண்டாம். “இந்த மாதக் கடைசிக்குள்ள நாம ரோடு போடணும்” என்றால் பொறுப்பு எல்லார் தலையிலும் சரிந்து யார் தலையிலும் நிற்காது. அங்கே ‘நாங்க’, அதாவது மன்றம். தவறு நடந்த இடத்தில் மட்டும் ‘நான்’. 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றி விரிகுடாவில் அமெரிக்கா தூண்டிவிட்ட படையெடுப்பு தோற்றபோது, வெற்றிக்கு நூறு அப்பன், தோல்வி அநாதை என்ற பழமொழியைச் சொல்லிவிட்டு, அரசில் பொறுப்புள்ள அதிகாரி தாம்தான் என்று அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி ஒப்புக்கொண்டார். புதிதாக வந்த தலைவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நல்லதுக்கு ‘நான்’, கெட்டதுக்கு ‘அதிகாரிகள்’.

ஒரே ஒரு வாக்கியம்

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவரிடம், “என்ன சொன்னாங்க?” என்று வீட்டில் கேட்பார்கள். அவர் சொல்லப்போகும் பதிலை முதலில் எழுதுங்கள். பத்துச் சொல்லுக்குள் இருக்கட்டும். “திங்கக்கிழமை வாய்க்கால் வேலை ஆரம்பமாம், வீட்டுக்கு ஓராள் வரணுமாம்.” இதுதான் உங்கள் பேச்சு. மற்றதெல்லாம் இதற்குக் கொடுக்கும் முட்டு. இந்த வாக்கியத்துக்கு உதவாத பத்தியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அடித்துவிடுங்கள்.

அடிப்பதற்கும் மாற்றுவதற்கும் தயங்காதீர்கள். 1941 டிசம்பர் 8 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆற்றிய உரையின் தட்டச்சுப் படி இன்றும் இருக்கிறது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட நாளை ‘உலக வரலாற்றில் நிலைக்கும் நாள்’ என்றுதான் முதலில் சொல்லியிருந்தார். பிறகு ‘உலக வரலாற்றில்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘இழிவோடு’ என்ற பொருள்வரும் ஒரே சொல்லை மேலே எழுதினார். முதல் வடிவம் செய்தி, இரண்டாவது வடிவம் தீர்ப்பு. அந்த உரை ஏழு நிமிடத்துக்குள் முடிந்தது. மக்கள் மனத்தில் தங்கியது பேனாவால் எழுதிய அந்த ஒரு சொல்.

எவ்வளவு நேரம்

தலைமையுரையும் சிறப்புரையும் வேறு வேறு. பல கூட்டங்கள் வீணாவது இந்த வேறுபாடு தெரியாமல்தான். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களக் கல்லறைத் திறப்பு விழாவில் சிறப்புரை எட்வர்ட் எவரெட்டுடையது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். அதிபர் ஆபிரகாம் லிங்கனுக்கு ஒதுக்கியது அர்ப்பணிப்புக்கான சில சொற்கள் மட்டும். பத்து வாக்கியம், 272 சொல், இரண்டு மூன்று நிமிடம். மறுநாள் எவரெட் லிங்கனுக்கு எழுதினார்: நீங்கள் இரண்டு நிமிடத்தில் எட்டிய மையக் கருத்தை நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தாலே மகிழ்வேன் என்று.

இன்னொரு பக்கம், 1841 மார்ச் 4 அன்று வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்பு உரையாக 8,445 சொற்களைக் குளிரில் நின்று ஒன்றே முக்கால் மணி நேரம் வாசித்தார். அமெரிக்க அதிபர்களின் பதவியேற்பு உரைகளில் அதுதான் மிக நீளமானது. அதிலிருந்து ஒரு வரி சொல்லக்கூடியவர் இன்று அரிது. 1793-இல் ஜார்ஜ் வாஷிங்டனின் இரண்டாம் பதவியேற்பு உரைக்கு 135 சொல் போதுமாக இருந்தது.

தமிழில் கணக்கு கொஞ்சம் வேறு. வேற்றுமையும் காலமும் இடமும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் நீளம். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் வரும். கைப்பேசியில் நேரம் வைத்து ஒரு பக்கத்தை உரக்க வாசித்து உங்கள் வேகத்தை நீங்களே கண்டுகொள்ளுங்கள். கிராமசபைக்கு 6 நிமிடம், அதாவது 500 சொல்லுக்குக் கொஞ்சம் கூட. பள்ளிக் கொடியேற்றத்துக்கு 3 நிமிடம். பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள், மிட்டாய் காத்திருக்கிறது. இரங்கல் கூட்டத்துக்கு 4. சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவு விளக்க வேண்டியிருந்தால் 12 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

விளிப்பு

டெல்டா மேடைகளில் பேச்சு தடம்புரளும் முதல் இடம் இது. “அவர்களே” என்று முடியும் ஒவ்வொரு பெயருக்கும் பட்டம், பொறுப்பு எல்லாம் சேர்த்து 7 வினாடி ஆகும். இருபது பேர் என்றால் 140 வினாடி. ஆறு நிமிடப் பேச்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளிப்பிலேயே கரைந்துவிடும். அத்தனைக்குப் பிறகும் விட்டுப்போன இருபத்தோராவது ஆள் கோபித்துக்கொள்வார்.

வரவேற்புரை சொன்னவர் பெயர்களைச் சொல்லிவிட்டார். நீங்கள் மறுபடி அடுக்க வேண்டியதில்லை. பதவியால் வந்திருக்கும் அதிகாரி, சிறப்பு விருந்தினர், சபையில் மூத்தவர் ஒருவர் என்று மூன்று பெயரோடு நிறுத்தி, “வரவேற்புரையில் பேர் சொல்லி அழைச்ச எல்லாருக்கும், பேர் சொல்லாம விட்டுப்போன எல்லாருக்கும் வணக்கம்” என்று முடித்துவிடலாம். அந்த மூன்று பெயரையும் முதலெழுத்தோடு தாளில் எழுதுங்கள். வந்திருக்கிறாரா என்று மேடையேறும் முன் ஒருமுறை பாருங்கள். வராதவரை விளித்தால் சபை சிரிக்கும், அடுத்த இரண்டு நிமிடம் உங்கள் பேச்சு யார் காதிலும் ஏறாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தெருக்களை வரிசைப்படுத்தும்போது அக்ரகாரம், மேலத்தெரு என்று தொடங்கி ஆதிதிராவிடர் தெருவில் முடிக்கும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. ‘காலனி’ என்ற சொல்லும் நாக்கில் தங்கியிருக்கிறது. இரண்டையும் விடுங்கள். தெருப்பெயரை அகர வரிசையில் சொல்லுங்கள், அல்லது வாய்க்கால் முடியும் கடைமடையிலிருந்து அது தொடங்கும் தலைமடைக்குச் சொல்லுங்கள். கடைசியில் சொல்லப்படுவதன் வலி என்னவென்று அந்தத் தெருவில் இருப்பவருக்குத் தெரியும். ஊருக்கே தலைவரானவர் வாயிலிருந்து அது வரக் கூடாது.

வாக்கியத்தை உடைப்பது

தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். கண்ணால் படிக்கும்போது இது தொல்லையில்லை. வேண்டுமானால் திரும்பிப் படிக்கலாம். காதால் கேட்பவர் வினை வரும்வரை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அலுவலகத் தமிழ் மேடையில் செத்துப்போவதற்கு இதுதான் காரணம். உதாரணத்துக்கு ஒன்று:

“நமது ஊராட்சிக்கு உட்பட்ட வடக்கு வாய்க்காலானது கடந்த எட்டு ஆண்டுகளாக முறையாகத் தூர்வாரப்படாத காரணத்தினால் கடைமடைப் பகுதி விவசாயிகளின் நிலங்களுக்குத் தண்ணீர் சென்று சேராத நிலையினைக் கருத்தில் கொண்டு, அதனை உடனடியாகத் தூர்வாருவதற்கான நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்பதைத் தெரிவித்துக் கொள்கிறேன்.”

29 சொல், ஒரே வாக்கியம். ‘மேற்கொள்ளப்படும்’ என்கிறது, யார் மேற்கொள்வார் என்று இல்லை. ‘உடனடியாக’ என்கிறது, எந்தக் கிழமை என்று இல்லை. இதையே உடைத்தால்:

“வடக்கு வாய்க்கால்ல எட்டு வருஷமா தூர் வாரல. மதகுகிட்ட இருக்கற வயலுக்குத் தண்ணி பாயுது. கடைமடைக்கு வரல. வர்ற திங்கக்கிழமை தூர் வார ஆரம்பிக்கிறோம். மேட்டூர்த் தண்ணி நம்ம மதகைத் தொடறதுக்குள்ள முடிக்கிறோம்.”

ஐந்து வாக்கியம், 24 சொல். மிக நீளமானதே ஆறு சொல்தான். கிழமை வந்துவிட்டது, கெடு வந்துவிட்டது, செய்கிறவர் வந்துவிட்டார். முக்கியமாக, “கடைமடைக்கு வரல” என்ற இரண்டு சொல் தனியாக நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துங்கள். கடைமடைக்காரர் தலையசைப்பார், பாருங்கள்.

பேச்சு வழக்கா, எழுத்து வழக்கா என்று பலர் குழம்புகிறார்கள். விளிப்பும் தீர்மான வாசகமும் எழுத்துத் தமிழில், விளக்கம் பேச்சுத் தமிழில் என்று வைத்துக்கொண்டால் சபைக்கு மரியாதையும் இருக்கும், புரியவும் செய்யும். ஒரே வாக்கியத்துக்குள் மட்டும் இரண்டையும் கலக்காதீர்கள்.

அடுக்கிச் சொல்லும் உத்தியையும் தமிழின் போக்கில் செய்ய வேண்டும். ஆங்கில உரைகளில் வாக்கியத்தின் தலையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். நமக்கு அடுக்கு விழுவது வால்பக்கம்: “கேட்டோம், அலைஞ்சோம், வாங்கினோம்.” கென்னடியின் 1961 பதவியேற்பு உரையில், நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே என்ற வரியில் ‘கேட்காதே’ ஆங்கிலத்தில் முதலில் நிற்கிறது; தமிழுக்கு வந்ததும் கடைசிக்குப் போய்விட்டது. அங்கே அது இயல்பாகவே உட்கார்ந்தது, அதனால்தான் இங்கே இவ்வளவு பரவியது. பரவியதே அதன் கேடும் ஆனது. கல்லூரி விழா, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று எல்லா மேடையிலும் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது. அதை விட்டுவிடுங்கள்.

மேற்கோள் வேண்டுமென்றால் ஒன்று போதும், அது சபைக்குப் பொருந்த வேண்டும். 2007 ஏப்ரல் 25 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அப்துல் கலாம் கணியன் பூங்குன்றனாரின் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற வரியைச் சொன்னார். அப்போது 27 நாடுகள் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருந்த அவைக்கு அதைவிடப் பொருத்தமான வரி கிடையாது. பொருத்தம் இவ்வளவு இல்லையென்றால் மேற்கோளே வேண்டாம். சொல்வதானால் தாளில் முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். குறளைப் பாதியில் மறந்து நிற்பது போன்ற திண்டாட்டம் மேடையில் வேறில்லை.

எண்ணைக் கண்ணில் காட்டுவது

1933 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவில் வங்கிகள் மூடிக்கிடந்தன. பதவியேற்று எட்டே நாளான ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். நீங்கள் வங்கியில் போடும் பணத்தை அவர்கள் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் பத்திரமாகவும் வெளியே போட்டு வைக்கிறார்கள், எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்த நல்ல வங்கியாலும் கொடுக்க முடியாது என்று, பொருளாதாரம் படிக்காத ஆளுக்கும் புரிகிறபடி விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது, எடுத்த பணத்தைத் திரும்பப் போட மக்கள் வரிசையில் நின்றார்கள். நகைக்கடன் பற்றியோ வைப்புத்தொகை பற்றியோ ஊரில் வதந்தி கிளம்பும்போது கூட்டுறவுச் சங்கத் தலைவர் நினைத்துப் பார்க்க வேண்டிய உரை இது. மிரட்டலும் கிடையாது, சமாதானமும் கிடையாது. பணம் எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னார், அவ்வளவுதான்.

அதே ரூஸ்வெல்ட் 1935 செப்டம்பர் 30 அன்று கொலராடோ ஆற்றின் பெரிய அணையை அர்ப்பணித்தார். மேட்டூர் அணை கட்டி முடிந்து ஓராண்டு ஆகியிருந்த சமயம். தொடக்கத்திலேயே பாறைப் படுகையிலிருந்து 726 அடி என்று உயரத்தைச் சொன்னார். கண்ணெதிரே நிற்கும் அணைக்கு அடிக்கணக்கு போதும். அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணில் தெரியாத எண்ணைத்தான் நாம் மொழிபெயர்க்க வேண்டும்.

டெல்டாவில் அதற்கு நல்ல அளவுகள் இருக்கின்றன. 100 குழி ஒரு மா, ஒரு மா என்பது 33 சென்ட், 20 மா ஒரு வேலி. 300 ஏக்கர் பாசனம் என்று தாளில் இருந்தால், மூத்தவர்கள் இருக்கும் சபையில் “சுமார் 45 வேலி” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் மனத்தில் வயல் விரியும். இளையவர்களுக்கு ஏக்கரே போதும். தொகையை முழுசாக்குங்கள்: 4,87,350 ரூபாய் என்பது பதிவேட்டுக்கு, “அஞ்சு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ” என்பது மைக்குக்கு. ஒரு பேச்சில் மூன்று எண்ணுக்கு மேல் யாருக்கும் நிற்காது. மற்றவற்றை அச்சடித்து ஒட்டிவிடுங்கள்.

சாவு வீட்டுப் பேச்சு

1986 ஜனவரி 28 காலை சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேரும் இறந்தார்கள். அன்றிரவு நாடாளுமன்றத்தில் நிகழ்த்த வேண்டிய ஆண்டு உரையை ஒத்திவைத்துவிட்டு ரொனால்ட் ரீகன் தொலைக்காட்சியில் நாலு நிமிடம் போலப் பேசினார். உரையை எழுதியவர் பெக்கி நூனன். அதன் வரிசையைக் கவனியுங்கள்: அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தியதைச் சொன்னார், ஏழு பெயரையும் சொன்னார், குடும்பத்தாரிடம் பேசினார். பிறகு பள்ளிப் பிள்ளைகளிடம் தனியாகப் பேசினார். ஆசிரியை ஒருவர் விண்கலத்தில் இருந்ததால் பிள்ளைகள் வகுப்பில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால்.

சுனாமி, கஜா புயல் என்று பார்த்துவிட்ட கரை இது. இங்கே தலைவராக இருப்பவர் என்றைக்காவது ஒருநாள் இந்தப் பேச்சைப் பேசியே ஆக வேண்டும். பெயர்களை முழுசாக, சரியாக, ஒரே மரியாதையில் சொல்லுங்கள். ஒருவருக்கு ‘திரு’வும் இன்னொருவருக்கு வெறும் பெயரும் கூடாது. எப்படி இறந்தார் என்ற விவரத்துக்குப் போக வேண்டாம். நிவாரணத் தொகையை இந்தப் பேச்சில் சொல்லாதீர்கள், அது மறுநாளைக்கு. சபையில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்து ஒரு வாக்கியமாவது சொல்லுங்கள்.

யார் எழுதுவது

பெரிய தலைவர்களுக்கு எழுதித் தர ஆள் உண்டு, அதில் வெட்கம் எதுவும் இல்லை. வாஷிங்டனின் 1796 விடைபெறு உரையை வரைந்ததில் அலெக்சாண்டர் ஹாமில்டனுக்குப் பெரும் பங்கு. அது மேடையில் பேசப்படவே இல்லை, செய்தித்தாளில்தான் வெளியானது. கென்னடிக்கு டெட் சோரன்சன் இருந்தார். உங்களுக்கு ஊராட்சி செயலர் எழுதித் தரலாம், பள்ளி ஆசிரியர் எழுதித் தரலாம். ஆனால் அவரிடம் தாளைக் கேட்கும் முன், சொல்ல வேண்டியதை நீங்கள் வாயால் பத்து நிமிடம் சொல்லுங்கள், அவர் கைப்பேசியில் பதிந்துகொள்ளட்டும். அதிலிருந்து எழுதினால் உங்கள் வாய்க்கு வராத சொல் உள்ளே நுழையாது. எழுதியதைச் சத்தம்போட்டு வாசிக்கும்போது நாக்கு இரண்டுமுறை இடறும் சொல்லை மாற்றிவிடுங்கள்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. தலைவர் ஒருவர், மைக் பிடிப்பவர் அவர் கணவர் என்ற நிலை இன்னும் மாறாத ஊர்கள் இருக்கின்றன. அது தவறு. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பேசினால்தான் அது தலைமையுரை. வேறு யார் பேசினாலும் அந்தப் பேச்சுக்குப் பதவியின் கனம் கிடையாது. முதல்முறை பேசும் அக்கா ஒரே நிமிடம் பேசினாலும் போதும். 80 சொல்லை எழுதி, பார்த்து வாசிக்கட்டும். அடுத்த கூட்டத்தில் அது இரண்டு நிமிடமாகும். நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவரே பார்த்துத்தான் வாசிக்கிறார்.

தாளும் மைக்கும்

தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். எழுத்து பெரிதாக, வரிக்கு இடையே ஒரு வரி விட்டு, மூச்சு விடும் இடத்தில் வரியை முடித்து எழுதினால் கண் தொலையாது. பக்கத்தின் கீழ்ப் பாதியைக் காலியாக விடுங்கள். குனிந்து அடிவரியைத் தேடும்போது குரல் மைக்கை விட்டு விலகிவிடும். பக்க எண் பெரிதாகப் போடுங்கள். தாள்களைப் பின் அடித்து ஒன்றாக்காதீர்கள். திருப்பும்போது சரசரப்பு மைக்கில் ஏறும். தனித்தனியாக வைத்து, முடிந்ததை ஓரமாக நகர்த்துங்கள். திறந்தவெளியில் காற்று அடித்தால் தேர்வு அட்டையில் கிளிப் போட்டுக்கொள்ளலாம்.

மைக்குக்கும் வாய்க்கும் இடையே நாலு விரல் முதல் ஒரு சாண் இருக்கட்டும். அது ‘கூ’வென்று கத்தினால் தன் ஸ்பீக்கரின் சத்தத்தைத் தானே கேட்கிறது என்று பொருள். தட்டாதீர்கள், ஊதாதீர்கள், ஸ்பீக்கர் பார்க்கும் பக்கத்திலிருந்து ஓரடி பின்னே வாருங்கள், மைக்செட்காரர் சத்தத்தைக் குறைக்கட்டும். தூரத்துக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளி இருக்கும் குழாயிலிருந்து உங்கள் குரல் அரை வினாடி கழித்துத் திரும்பி வந்து உங்களையே தடுக்கும். அதைக் கேட்டுக் குழம்பி வேகமாகப் பேசினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அந்த எதிரொலி ஓயும்வரை நிறுத்துங்கள். உங்களுக்கு நீளமாகத் தெரியும் அந்த இடைவெளி சபைக்கு அளவாகத்தான் இருக்கும்.

குலைந்துபோகும் இடங்கள்

கிராமசபை நாள்களில் ஒன்று நவம்பர் 1. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். தகரக் கொட்டகையில் மழை பிடித்தால் எந்த மைக்கும் நிற்காது. எல்லாப் பேச்சுக்கும் ஒரு நிமிட வடிவம் ஒன்றைத் தனிச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கரண்ட் போனாலும் அதுதான் கை கொடுக்கும். கரண்ட் போன இடத்தில் கத்திப் பேச முயலாமல், மேடையை விட்டு இறங்கிச் சபை நடுவில் நின்று பேசுங்கள்.

நடுவில் ஒருவர் எழுந்து கேட்பார். “ஏம்ப்பா பிரசிடெண்டு, போன வருசமும் இதத்தான சொன்ன?” வயதில் மூத்தவர், உரிமையோடு கேட்கிறார். கையை நீட்டி உட்காரச் சொன்னால் பேச்சு அங்கேயே தோற்றது. “ஆமா பெரியப்பா, சொன்னேன். செய்யல. ஏன் செய்யலன்னு மூணாவதா சொல்லப்போறேன், அதுவரைக்கும் கேளுங்க” என்று சொல்லி, மறக்காமல் மூன்றாவதாகச் சொல்லுங்கள். குடித்துவிட்டு வந்து கத்துபவருக்கு மேடையிலிருந்து பதில் வேண்டாம். அவருக்கு வேண்டிய ஆள் ஒருவர் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப் போகட்டும், நீங்கள் அதுவரை மௌனமாக இருங்கள்.

பேச்சு நன்றாக அமைந்தபின் செயலால் கெடுத்துக்கொள்வதும் உண்டு. 1979 ஜூலை 15 அன்று ஜிம்மி கார்ட்டர் நாட்டின் நம்பிக்கைக் குறைவைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். முதலில் வரவேற்பு நன்றாகவே இருந்தது. இரண்டு நாளில் அமைச்சரவை முழுவதையும் விலகல் கடிதம் கேட்டதும் நிலைமை மாறியது, பேச்சின் பெயரும் சேர்ந்து கெட்டது. நீங்கள் திங்கள்கிழமை என்று சொன்னால் திங்கள் காலை 7 மணிக்கு வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நாலு பேராவது நிற்க வேண்டும். அதை உறுதிசெய்துகொண்டு பிறகு மேடையேறுங்கள்.

பேசியதைப் பதிவாக்குவது

அதிபர்களின் உரைகள் இன்றைக்கும் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் யாரோ தாளைப் பத்திரப்படுத்தியதுதான். கெட்டிஸ்பர்க் உரைக்கு லிங்கனின் கையெழுத்திலேயே ஐந்து படிகள் இருக்கின்றன, ஐந்திலும் சொற்கள் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுகின்றன. நம் ஊராட்சிகளில் தீர்மானப் பதிவேடு இருக்கிறது, ஆனால் தலைவர் என்ன பேசினார் என்பது ‘தலைவர் அவர்கள் தலைமையுரை ஆற்றினார்’ என்ற ஒற்றை வரியோடு போய்விடுகிறது.

பேசிய தாளின் பின்பக்கத்தில் தேதி, இடம், வந்தவர் எண்ணிக்கை எழுதுங்கள். மேடையில் மாற்றிச் சொன்னதைப் பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். கொடுத்த வாக்குறுதியின் கீழ் ஒரு கோடு போட்டு, எதிரே கெடு நாளை எழுதி, ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்த கிராமசபைக்குப் பேச்சு எழுத உட்காரும்போது முதலில் அந்தக் கோப்பைத் திறந்து, கோடு போட்ட வரிகளைப் படியுங்கள். புதுப் பேச்சின் முதல் பத்தி அங்கேயே கிடக்கும்.